மதிலின் மேல் சென்ற படகு

2015-ஆம் ஆண்டில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 29-ஆம் நாள் வந்தது. அன்று திருப்பலியில் வாசிக்கப்பெற்றது லூக்கா நற்செய்தியின் ஒரு பகுதி. கடலின் கொந்தளிப்பைக் கேட்டு மக்களினங்கள் செய்வதறியாது கலங்கும் நாளைக் குறித்து ஆண்டவர் உரைத்த பகுதி அது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கேட்டுப் பழகியவன் நான். அன்றும் பழக்கத்தினாலேயே கேட்டுவிட்டு வீடு திரும்பினேன். செவ்வாயன்று விடாது பெய்த மழையில் எங்கள் தெரு மறைந்தது. அன்றிரவு கூடத்திற்குள் நீர் புகுந்தது. புதன்கிழமை முழுவதும் நானும் என் மனைவியும் மாடி அறையில் இருந்தோம். கீழே நாற்காலிகள் ஒன்றோடொன்று முட்டும் ஓசை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

வியாழன் காலை, கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த மீனவ இளைஞர் இருவர், ஃபைபர் படகொன்றில் எங்களை மீட்டனர். படகு எங்கள் வாயிலைக் கடக்கும்போது அதன் அடிப்பாகம் ஏதோ ஒன்றின்மேல் உரசிக் கரகரவென்று ஒலித்தது. துடுப்புப் போட்டவர் நீருக்குள் பார்த்துவிட்டு, “ஐயா, கீழே இருக்கிறது உங்க மதிலுங்களா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ஞ்சு உட்காருங்க” என்று சொல்லிப் படகைத் தள்ளினார். அவர் கேள்வியில் குற்றச்சாட்டு எதுவுமில்லை. ஆயினும் அந்த உரசல் ஓசை பல ஆண்டுகள் என் காதைவிட்டு அகலவில்லை. ஏனெனில் அந்த மதிலின் கதையை அறிந்தவன் நான்.

1994-ஆம் ஆண்டு, அரசுப் பணியில் இருந்த நான், சேமநல நிதியில் கடன் பெற்று, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் ஒரு மனை வாங்கினேன். நகருக்குள் நிலம் வாங்க எங்களைப் போன்றவர்க்கு வழியில்லாத காலம் அது. பட்டா இருந்தது. வில்லங்கச் சான்றிதழில் குறையேதும் இல்லை. வழக்கறிஞர் பார்த்துச் சரியென்றார். மனை மட்டும் சாலையைவிட மூன்றடி தாழ்ந்திருந்தது. மேஸ்திரி, “அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை சார், ரப்பிஷ் அடிச்சிட்டா மேடாயிடும்” என்றார். நகரில் இடிக்கப்பட்ட வீடுகளின் செங்கல்லும் காரையும் லாரி லாரியாக வந்து இறங்கின. இருபத்திரண்டு லாரிகள் என்று கணக்கு வைத்திருந்தேன். ஒவ்வொரு லாரிக்கும் நானே நின்று காசு கொடுத்தேன்.

மனையின் பின்புறம் ஒற்றையடிப் பாதை ஒன்றும், அதையொட்டி முழங்காலளவு ஆழமுள்ள ஒரு வாய்க்காலும் இருந்தன. சதுப்பில் கோரையும் சம்பும் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்கள் அந்தப் பாதையில் நடப்பார்கள். அவர்களுள் வயதான ஒருவர், ஒருநாள் கட்டை இறக்கி வைத்துவிட்டு, லாரி கொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஏன் ஐயா, மண்ணு கொட்டிக்கினே போறீங்களே, மழைத் தண்ணி எங்க போவும்?” என்று கேட்டார். “சர்க்கார் கால்வாய் போடுவார்கள், அம்மா” என்றேன். அவர் மறுமொழி கூறாமல் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆண்டு நான் மதில் எழுப்பினேன். பக்கத்து மனைக்காரர்களும் எழுப்பினார்கள். பாதை மறைந்தது, வாய்க்காலும் மறைந்தது. அந்த அம்மையாரை அதன்பின் நான் பார்க்கவில்லை. தேடவும் இல்லை.

நான் எதன்மேல் வீடு கட்டினேன் என்பதை அறிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. பழைய ஆவணங்களில் ‘கழுவெளி’ என்று குறிக்கப்பெறும் நிலம் இது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும்போது அவற்றின் உபரி நீர் வந்து சேரும் தாழ்நிலம். நாராயணபுரம், கீழ்க்கட்டளை, வேளச்சேரி முதலிய ஏரிகளின் நீரெல்லாம் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் வங்கக் கடலோடு கலக்கும். மழைக்காலத்தில் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னர் மெல்ல மெல்ல விடுவதே இந்நிலத்தின் தொழில். கோரையும் சம்பும் நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியவைக்கும். நிலத்தடியில் நன்னீர் நின்று, கடலின் உப்பு உள்ளே ஏறாமல் தடுக்கும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த இச்சதுப்பில் இன்று பெரும்பகுதி இல்லை. சாலைகளாகவும், இரயில் நிலையமாகவும், கல்வி நிலையங்களாகவும், அலுவலகக் கோபுரங்களாகவும், என்னைப் போன்றோரின் வீடுகளாகவும் அது மாறிவிட்டது.

எஞ்சிய பரப்பில் இன்னும் உயிர்கள் வாழ்கின்றன என்பதே வியப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே காணப்பட்டுள்ளன. நீலத்தாழைக்கோழி கோரைக்கிடையே குஞ்சுகளுடன் நடக்கும். நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின்மேல் கால் நனையாமல் ஓடும். குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து நீலச்சிறகி வாத்துகள் வந்திறங்கும். ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலைகீழாக அலகைப் பதித்து இரைதேடும். தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில், நீர்வாழ் உயிர்களும் பறவைகளும் படைக்கப்பட்டது ஐந்தாம் நாளில். மனிதன் வந்தது ஆறாம் நாளில். பலுகிப் பெருகும்படி இறைவன் வழங்கிய ஆசியும் முதலில் அவற்றுக்கே கிடைத்தது. இதை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தவன் நான். நமக்கு முன்னர் ஆசிபெற்றவர்களின் வீட்டில் நான் குடியேறியிருக்கிறேன் என்பது அப்போது என் உள்ளத்தில் உறைக்கவில்லை.

இந்நிலத்திற்கு நேர்ந்த தீங்குகளைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுட்டிக்காட்டுகிறோம். 1980-களிலிருந்து நகரின் குப்பை இச்சதுப்பின் வடபகுதியில் கொட்டப்பட்டு மலையாக வளர்ந்தது உண்மையே. 2022 ஏப்ரல் இறுதியில் அது தீப்பற்றிச் சில நாட்கள் புகைந்தபோது, சன்னல்களை மூடிக்கொண்டு நாங்கள் இருமியதும் உண்மையே. ஆனால் அந்த மலையில் எரிந்தது எவருடைய குப்பை? காய்கறித் தோலையும், பிளாஸ்டிக் உறையையும், கண்ணாடித் துண்டையும், தீர்ந்துபோன பேட்டரியையும் ஒரே வாளியில் போட்டுத் தெருமுனையில் கவிழ்த்துவிட்டு, ‘வீடு சுத்தமாகிவிட்டது’ என்று நிம்மதியடைந்த இலட்சக்கணக்கான இல்லங்களில் என் இல்லமும் ஒன்று. அழுகும் பொருளும் அழியாத பொருளும் கலந்த கழிவிலிருந்து மழைநாளில் கரிய சாறு வடிந்து சதுப்பில் கலக்கிறது. கோடையில் அதே கலவை வாயுவைக் கக்கித் தானே எரிகிறது. என் சமையலறைக்கும் பூநாரையின் அலகுக்கும் இடையே இத்தகையதோர் உறவு இருந்து வந்தது.

வெள்ளம் வடிந்தபின் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த நாட்களில், கூடத்துச் சுவரிலிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தில் பாதம் வரை ஈரம் ஏறியிருந்ததைக் கண்டு என் மனைவி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, சினமே வந்தது. அரசையும் அதிகாரிகளையும் வாயாரத் திட்டினேன். அந்தச் சினத்தோடேயே கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் சென்றேன். சினத்தைப் பாவமாக அறிக்கையிட்டேன். குருவானவர் முதியவர், மென்மையாகப் பேசுபவர். “வேறு எதுவும் உண்டா?” என்று கேட்டார். என்னையறியாமல் அந்தக் கோரைக் கட்டும், இருபத்திரண்டு லாரிகளும், மதிலும் என் வாயிலிருந்து வெளிவந்தன. அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “சக்கேயு தம் குற்றத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை, கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் யாருக்கு, எதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று யோசியுங்கள். அவசரமில்லை” என்றார். மூன்று அருள்நிறை மந்திரங்களைச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று எண்ணியிருந்த எனக்கு, அந்த ‘அவசரமில்லை’ என்னும் சொல் பெரும் சுமையாயிற்று.

அவ்வாண்டு ஜூன் மாதம்தான் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடல் வெளிவந்திருந்தது. நம் பொது இல்லமாகிய பூமியைக் காப்பது பற்றிய மடல். பங்கில் அதைப் பற்றிக் கருத்தரங்கம் நடந்தபோது நானும் கைதட்டியவன். டிசம்பருக்குப் பின் அதை மீண்டும் எடுத்துப் படித்தேன். படைப்புக்கு எதிராகச் செய்யும் தீங்கும் பாவமே என்ற கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெருந்தந்தை பர்த்தலோமேயு அவர்களின் எண்ணத்தைத் திருத்தந்தை தம் மடலில் எடுத்தாண்டிருக்கிறார். தனிமனிதனின் மனமாற்றம் மட்டும் போதாது, சமூகமாகவும் மனந்திரும்ப வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். இரண்டாவது கருத்தே என்னைத் தடுத்து நிறுத்தியது. நான் ஒருவன் மதிலை இடித்தால் வாய்க்கால் ஓடுமா? பக்கத்து மதில் நிற்குமே! சதுப்பு நிலத்தைத் தனியொருவனாகக் கெடுக்க இயலும். தனியொருவனாகக் காக்க இயலாது.

அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவின் வடகோடியில் ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் ஆர்கேட்டா என்னும் சிற்றூர் உள்ளது. பெயரை எழுத்தில் பார்த்தால் நம் ஆற்காடு நினைவுக்கு வரும். அவ்வூரைப் பற்றி இக்காலத்தில்தான் படித்தேன். 1970-களில், கரையோர ஊர்களின் கழிவுநீரையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பெரும் செலவில் சுத்திகரிக்கும் திட்டம் ஒன்று அவர்களுக்கு வகுக்கப்பட்டது. ஊர்மக்களும், அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் சிலரும், நகர மன்றமும் சேர்ந்து அதை ஏற்க மறுத்தனர். கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பின் வழியாகக் கழிவுநீரை மெல்லச் செலுத்தினால் அந்தச் செடிகளும் நுண்ணுயிர்களுமே அதைத் தூய்மையாக்கும் என்று சோதனை செய்து மெய்ப்பித்தனர். 1986-இல் அந்த அமைப்பு முழுமை பெற்றது. அவர்கள் சதுப்பை உருவாக்கிய இடத்தில் முன்பு இருந்தது என்ன தெரியுமா? கைவிடப்பட்ட மர ஆலையும், மூடப்பட்ட குப்பைமேடும். இன்று அங்கே பறவைகள் வந்து தங்குகின்றன. ஊர்மக்களே தொண்டர்களாக நின்று வருவோர்க்கு அவற்றைக் காட்டுகிறார்கள்.

அந்த ஊர் சிறியது; நம் நகரம் பெரியது. அங்குள்ள முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நட இயலாது. ஆயினும் ஒன்று எனக்குப் புலப்பட்டது. அங்கே நகராட்சி வேறு, மக்கள் வேறு என்று நிற்கவில்லை. குப்பை எங்கே போகிறது, சாக்கடை எங்கே சேர்கிறது என்று மக்கள் கேட்டார்கள். விடையைத் தேடுவதில் தாங்களும் சேர்ந்து உழைத்தார்கள். நம் நாட்டிலும் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளென்று பதினெட்டைப் பட்டியலிடுகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அவற்றுள் ஒன்று. 2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது பெருங்குடியும் பள்ளிக்கரணையும் அதனுள் வந்தன. 2022-இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் தமிழக அரசு விதிகள் வகுத்தது. பறவை ஆர்வலரும் பகுதிவாழ் மக்களும் பல ஆண்டுகள் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் முறையிட்டதன் பயனாக, 2007-இல் இச்சதுப்பில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணியை மாநகராட்சி மேற்கொண்டது. சட்டம் கையில் இருக்கிறது; கூடிப் பேச மன்றமும் இருக்கிறது. அங்குப் போய் உட்காரத்தான் ஆள் இல்லை.

எங்கள் அன்பியத்தில் இருபத்தெட்டுக் குடும்பங்கள். மாதக் கூட்டத்தில் செபமாலை, இறைவார்த்தைப் பகிர்வு, தேநீர் என்று முடியும். நான் தயங்கித் தயங்கி இப்பொருளை எடுத்தபோது ஒருவர், “இதெல்லாம் கட்சிக்காரர்கள் பேச வேண்டியது, ஐயா. செபக் கூட்டத்தில் எதற்கு?” என்றார். அவரை மறுத்துப் பேச என்னால் இயலவில்லை. ஆனால் துப்புரவுப் பணியாளராய் வேலை செய்யும் சகோதரி ஒருவர் எங்கள் அன்பியத்தில் இருந்தார். அதுவரை கூட்டங்களில் வாய்திறவாதவர். அவர், “கண்ணாடியை எல்லாத்தோடயும் சேர்த்துப் போடறீங்க, நான் கையால தான் பிரிக்கிறேன்” என்று சொல்லித் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தழும்புகள் இருந்தன. அதற்குமேல் எவரும் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று. என் உரைகள் செய்யாததை அந்தக் கை செய்தது.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் 2015 முதல் நடந்து வருகிறது. மறைக்கல்விப் பிள்ளைகள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு நாங்களும் சாலையோரம் நின்று எண்ணத் தொடங்கினோம். வாகன இரைச்சலுக்கிடையே ஒரு சிறுமி, தொலைநோக்கியில் தாழைக்கோழியைக் கண்டு, “தாத்தா, அது நீலமா, ஊதாவா?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் அங்கே குடியிருந்த எனக்கு விடை தெரியவில்லை. நானும் அன்றுதான் அதை முதன்முறையாக உற்று நோக்கினேன். நாங்கள் எண்ணிக் கொடுத்தது சிறு கணக்கு. ஆனால் ஒன்றை எண்ணத் தொடங்கியவர்கள், அது குறையும்போது கவலைப்படத் தொடங்குகிறார்கள். சதுப்பின் ஓரம் இரவில் லாரி வந்து நின்றால், முதலில் எனக்குத் தொலைபேசியில் சொல்பவர்கள் இன்று அந்தப் பிள்ளைகள்தாம்.

2023-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. மறுநாள் மிக்ஜாம் புயலின் மழை. மீண்டும் வீட்டுக்குள் நீர். என் மகன் பொறுமை இழந்தான். ஜாக்கி வைத்து வீட்டையே நான்கடி உயர்த்திவிடுவதென்று ஏற்பாடு செய்தான். எங்கள் பகுதியில் இன்று அது வழக்கமாகிவிட்டது. பழைய தரையைப் பெயர்த்ததில் இடிசல் குவிந்தது. ஒப்பந்தக்காரர் என்னிடம், “ராத்திரியில ஓரமா கொட்டிடலாம் சார், மாநகராட்சி சொல்ற இடத்துக்குக் கொண்டுபோனா வண்டிக் கூலி கூடும்” என்றார். அவர் ‘ஓரம்’ என்றது எந்த ஓரம் என்று எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே குரல், அதே விலைப்பேச்சு. தூய செங்கல் துண்டுகளை உயர்த்திய வீட்டின் அடியிலேயே நிரப்பச் செய்தோம். மற்றதை முறையான இடத்துக்கு அனுப்பினோம். கூடுதல் செலவைக் குறித்து மகன் முணுமுணுத்தான், ஆனால் தடுக்கவில்லை.

அவ்வேளையில்தான் எங்கள் பகுதி சபை கூடியது. நான் ஒரு முடிவோடு சென்றிருந்தேன். வீட்டின் பின்மதிலை உடைத்து, நான்கடி அகல நிலத்தை வாய்க்காலுக்காக விட்டுக்கொடுப்பதாக அறிவிக்க வேண்டும். குருவானவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதென்ற நிறைவு எனக்கு. சற்றுப் பெருமையும் இருந்திருக்கும். எழுந்து நின்று சொன்னேன். சிலர் கைதட்டினர். அங்கு வந்திருந்த உதவிப் பொறியாளர் ஓர் இளம்பெண். அவர் பழைய கிராம வரைபடத்தின் நகலை மேசைமேல் விரித்து, எங்கள் தெருவின் மனைகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். என் மனைக்கு வந்ததும் நிறுத்தி, மிகுந்த மரியாதையோடு, “ஐயா, கொஞ்சம் இங்கே பாருங்களேன்” என்றார். நான் குனிந்து பார்த்தேன். வரைபடத்தில் வாய்க்கால் தெளிவாக இருந்தது. என் மதில் அதற்கு அப்புறம் இருந்தது. நான் தானமாகக் கொடுக்க வந்த நான்கடி என்னுடையது அன்று. முப்பது ஆண்டுகளாக என் மதிலுக்குள் கிடந்த பொது வாய்க்கால் அது.

அந்தக் கணத்தில் எனக்கேற்பட்ட நாணத்தை எழுத்தில் வடிக்க இயலவில்லை. கைதட்டியவர்கள் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பெண் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், செய்யவில்லை. “நீங்களே முன்வந்தது நல்லது ஐயா, மற்றவர்களிடம் பேச எங்களுக்கு எளிதாக இருக்கும்” என்று மெல்லச் சொன்னார். இருக்கையில் அமர்ந்த எனக்கு, தோட்டம் வைப்பதற்காக நாபோத்தின் நிலத்தை விரும்பிய ஆகாபு அரசன் நினைவுக்கு வந்தான். அவன் நாபோத்தின் முகத்தையாவது அறிந்திருந்தான். நான் எடுத்துக்கொண்டதற்கு உரியவர்கள் கோரை அறுத்த பெண்களும், மழைநீரும், இலைமேல் ஓடும் ஒரு சிறு பறவையும். அவர்களுள் எவரும் என் மீது வழக்குத் தொடுத்திருக்கப்போவதில்லை. மீண்டும் எழுந்தேன். “நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். இது தானம் அன்று, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறேன்” என்று சொல்லி அமர்ந்தேன். இம்முறை எவரும் கைதட்டவில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் பின்வீட்டுக்காரர் என்னருகே வந்து, “என்னுடையதும் எங்கே வருகிறதென்று பார்த்துவிடலாம், சார்” என்றார்.

எங்கள் வரிசையில் ஆறு மனைகள். நான்கு மதில்கள் பின்வாங்கிவிட்டன. மீதி இருவரும் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் அந்த இடத்தில் கழிவறைத் தொட்டி கட்டியிருக்கிறார். மாற்றுவதற்குப் பணம் வேண்டும். மற்றவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. ஆகவே கடந்த மழையின்போது எங்கள் வாய்க்காலில் நீர் ஓடியது; ஐந்தாம் மதில்வரை ஓடி, அங்கே தேங்கி நின்றது. என் மகன் மாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, “இதனால் என்னப்பா பயன்?” என்று கேட்டான். கேள்வி நியாயமானதே. ஐந்தாம் மதிலின் சொந்தக்காரரிடம், தொட்டியை மாற்றும் செலவில் ஒரு பகுதியை அன்பியம் திரட்டித் தர முன்வந்துள்ளது. அவர் யோசிப்பதாகக் கூறியிருக்கிறார். அவசரமில்லை என்று என்னிடம் ஒருவர் சொன்னதை நான் அவரிடம் சொல்லத் துணியவில்லை. அடுத்த மழைக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன.

முதல் மனிதனை ஆண்டவர் தோட்டத்தில் வைத்தபோது இரண்டு வேலைகள் கொடுத்தார்: அதைப் பயிர் செய்வதும், அதைக் காப்பதும். முதல் வேலையை நாம் ஆவலோடு செய்துவிட்டோம். இரண்டாவதை நகராட்சிக்கும், வனத்துறைக்கும், நீதிமன்றத்துக்கும் ஒப்படைத்துவிட்டு அவர்களைக் குறைகூறிக்கொண்டு இருந்தோம். அவர்கள் செய்ய வேண்டியது நிறைய உண்டு. அதைக் கேட்கும் உரிமையும் நமக்குண்டு. ஆனால் கேட்கப் போகிறவன் தன் மதிலின் அடியில் என்ன கிடக்கிறதென்று முதலில் குனிந்து பார்க்க வேண்டும். பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் தத்தம் ஊரின் பழைய வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தால் நலம். நம் வீடு மட்டுமன்று, நம் ஆலய வளாகமும், கல்லறைத் தோட்டமும், பள்ளி மைதானமும் எந்த நீரின் வழியில் நிற்கின்றன என்பது அப்போது தெரியவரும்.

மாலை வேளைகளில் திறந்துகிடக்கும் பின்புறத்தில் நாற்காலி போட்டு அமர்கிறேன். சென்ற கார்த்திகையில் தேங்கி நின்ற அந்த நீரில் ஒரு தாழைக்கோழி வந்து நின்றது. அதன் நிறம் நீலமும் ஊதாவும் கலந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஐந்தாம் மதில்வரை நடந்து சென்று, வழியில்லை என்று கண்டு திரும்பி வந்தது. நான் அசையாமல் அமர்ந்திருந்தேன். அந்த அம்மையார் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், அவர் கேள்விக்கு முப்பது ஆண்டுகள் கழித்து என்னிடம் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதிக்காக அன்றாடம் செபிக்கிறேன். ஐந்தாம் வீட்டு வாயிலுக்கும் சென்று வருகிறேன்.